மலைப்படியும் மரபணுவும்

சித்தூரிலிருந்து திருப்பதி சென்று, அலிபிரிப் படிகளில் மூச்சு வாங்கினால், நாம் வயதின்மேல் பழி போடுகிறோம். அப்பழி சில வேளை மரபணுவையும் சேரும்.

இதயத் தசைப் புரதமொன்றை ஆக்கும் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட மாற்றம், இந்தியத் துணைக்கண்டத்தாருள் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வரிடம் உண்டென, ஐதராபாத், மதுரை ஆய்வாளர் உள்ளிட்ட குழுவினர் 2009-இல் வெளியிட்டனர். ஐரோப்பியரிடம் அது காணப்படவில்லை. இளமையில் பெரும்பாலும் மறைந்திருக்கும். நடுவயதுக்குப் பின் இதயத் தசை தளரக்கூடும். எனினும், அதை உடையோர் அனைவரும் நோயாளராவதில்லை.

ஊர் விட்டு ஊர் வந்த நம்முடன் மரபணுவும் வந்துள்ளது. ஆதலின், பெற்றோர், உடன்பிறந்தாருள் எவர்க்கேனும் இதயத் தசை நோய் இருந்தால், மருத்துவரிடம் அதனைக் கூறி, 'எக்கோ' சோதனை செய்துகொள்வோம். பிறகு படியேறுவோம்.