முறுக்கும் வேகமும்

வலையின் வழித்தடங்கள் – 9

சென்ற இதழில், கண்ணாடி இழை தெருக் கம்பத்திலிருந்து சுவரிலுள்ள ஓஎன்டி பெட்டி வரை வந்து சேரும் விதம் விளக்கப்பட்டது. அந்தப் பெட்டிக்கும் மேசைக் கணினிக்கும் இடையே எஞ்சியுள்ள சில மீட்டர் தூரத்தைக் கடப்பது, லேன் கேபிள் என்று எல்லாரும் அழைக்கும் செம்புக் கம்பியாகும். அந்தக் கம்பி அறுந்துவிட்டால் இணைப்பு நின்றுவிடும் என்பதால் குறை உடனே தெரிந்துவிடுகிறது. அரைகுறையாகப் பழுதுபட்டாலோ இணைப்பு நிற்காமல் வேகம் மட்டும் குறைவதால், காரணம் மாதக்கணக்கில் மறைந்தே கிடக்கும்.

இந்த மந்தத்தால் வரும் இழப்பு சிறியதன்று. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்படும் பேண்டேஜ் துணியோ, 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவோ, 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்பில் வெளிமாநிலத்துக்குப் புறப்பட வேண்டுமானால், 2018 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள இ-வே பில்லைக் கணினியில் எடுத்தாக வேண்டும். அந்தப் பக்கம் திறக்காமல் சுழன்றுகொண்டிருக்கும் நேரமெல்லாம் சரக்கு ஏற்றிய லாரி வாசலில் நிற்கிறது.

நூலின் நம்பரும் கம்பியின் கேஜும்

பி.ஏ.சி. இராமசாமி ராஜா 1936-இல் இராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய காலம் முதல் நூற்பாலைத் தொழிலில் ஊறிய அந்த ஊருக்கு, லேன் கேபிளின் இலக்கணம் பாதி தெரிந்த பாடமே ஆகும். நூலின் நம்பர் ஏற ஏற நூல் மெலிவதுபோல, கம்பியின் கேஜ் எண்ணும் ஏற ஏறக் கம்பி மெலிகிறது. வழக்கமான லேன் கேபிளில் உள்ள 24-ஆம் கேஜ் கம்பியின் விட்டம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். நூலுக்கு வலுவைத் தருவது முறுக்கு என்றால், கேபிளுக்கு வேகத்தைத் தருவதும் முறுக்குதான்.

அது எவ்வாறு என்பதைச் சற்று விரிவாகக் காண வேண்டும். கேபிளின் உறையை உரித்தால் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு, ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்ற நான்கு இணைகளாகக் காணப்படும். ஓர் இணையின் இரு கம்பிகளிலும் ஒரே குறிப்பலை எதிரெதிர் வடிவில் அனுப்பப்படுகிறது; மறுமுனையில் உள்ள கருவி இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை மட்டுமே படிக்கிறது. அருகில் ஓடும் மோட்டாரிலிருந்தோ மின்கம்பியிலிருந்தோ வரும் இரைச்சல், முறுக்கின் காரணமாக இரு கம்பிகளின் மீதும் ஏறத்தாழச் சமமாக விழுவதால், வேறுபாட்டைக் கணக்கிடும்போது அது தானாகவே கழிந்துபோகிறது. தொலைபேசிக் கம்பிக்காக அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881-இல் காப்புரிமை பெற்ற உத்தி இது. நான்கு இணைகளும் ஒன்றின் பேச்சை மற்றொன்று ஒட்டுக் கேட்காதிருக்க, ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவில் முறுக்கப்பட்டுள்ளன.

94 என்ற எண்

1995-இல் வகுக்கப்பட்ட, நொடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள ஈதர்நெட் முறைக்கு இரண்டு இணைகள் போதும். 1999-இல் வகுக்கப்பட்ட 1000 மெகாபிட் முறைக்கு நான்கு இணைகளும் வேண்டும். கேபிளைச் செருகியவுடன் கணினியும் ரவுட்டரும் தமக்குள் பேசி, இருவருக்கும் இயலும் மிக உயர்ந்த வேகத்தைத் தேர்ந்துகொள்கின்றன. நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி உள்ளே ஒடிந்திருந்தால், 1000 மெகாபிட் வேகத்துக்கு வழியில்லாமல் இணைப்பு பெரும்பாலும் 100-க்கு இறங்கிவிடுகிறது. திரையில் எந்த எச்சரிக்கையும் தோன்றுவதில்லை.

அவ்வாறு இறங்கிய இணைப்பில், முகவரி முதலிய உறைச் செய்திகளுக்கான இடம் போக, பயனருக்குக் கிடைக்கும் உச்ச வேகம் ஏறத்தாழ 94 மெகாபிட். ஆகவே 200 அல்லது 300 மெகாபிட் திட்டத்துக்குப் பணம் கட்டுபவரின் கணினியில், எந்த நேரத்தில் சோதித்தாலும் அளவீடு 94-ஐ ஒட்டியே நிற்குமானால், குறை இணையச் சேவை நிறுவனத்திடம் இல்லாமல் அறைக்குள்ளேயே இருப்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டியதில்லை. இங்கு பிட், பைட் என்ற இரு அளவுகளையும் குழப்பிக்கொள்ளலாகாது. 8 பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், 100 மெகாபிட் இணைப்பில் ஒரு கோப்பு நொடிக்கு 12 மெகாபைட் அளவில் இறங்குவது குறையன்று, சரியான கணக்கே.

டெஸ்டர் காட்டாத குறை

கேபிளின் முனையில் உள்ள ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வண்ண வரிசை தெரியும். பரவலாகப் பின்பற்றப்படும் வரிசையில் முதலில் வெள்ளை-ஆரஞ்சும் ஆரஞ்சும், பிறகு வெள்ளை-பச்சை, அதன்பின் நீலமும் வெள்ளை-நீலமும், அவற்றைத் தாண்டிப் பச்சை, இறுதியில் வெள்ளை-பழுப்பும் பழுப்பும் அமைகின்றன. பச்சை இணை நடுவில் பிரிந்து, நீல இணையை இருபுறமும் அணைத்து நிற்பதைக் கவனிக்க வேண்டும். இந்த அமைப்பை அறியாமல், ஆரஞ்சுக்கு அடுத்துப் பச்சை, பச்சைக்கு அடுத்து நீலம் என்று ஜோடி ஜோடியாக வரிசைப்படுத்தி இரு முனைகளையும் ஒரே மாதிரி கிரிம்பிங் செய்துவிட்டால், எட்டு விளக்குகள் எரியும் மலிவான டெஸ்டர் எல்லாம் சரி என்றே காட்டும். ஏனெனில் ஒவ்வொரு கம்பியும் மறுமுனையை அடைந்துவிடுகிறது. ஆயினும் ஓர் இணையாகச் செல்ல வேண்டிய குறிப்பலை, தம்முள் முறுக்கப்படாத இரு வேறு கம்பிகளில் செல்வதால், இரைச்சல் கழியாமல் தங்கி, தூரம் கூடக்கூடப் பிழைகள் பெருகி, அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டியதாகிறது.

இதேபோல, பிளக்குக்கு அருகே முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரித்துவிடுவதும், அலுமினியக் கம்பிக்குச் செம்பு மேற்பூச்சு பூசிய மலிவான கேபிளை வாங்குவதும் வேகத்தைத் தின்னும் குறைகளாகும். அலுமினியத்துக்கு மின்தடை கூடுதல் என்பதோடு, அது வளைத்த இடத்தில் எளிதில் ஒடியும். ஆலை வளாகங்களில் மற்றொரு குறையும் சேர்ந்துகொள்கிறது. செம்பு லேன் கேபிளின் எல்லை 100 மீட்டர் என்றிருக்க, அலுவலகத்திலிருந்து குடோனுக்கு அதற்கும் மேற்பட்ட நீளத்தில், மின்கேபிளோடு சேர்த்துக் கட்டி இழுத்துச் செல்லப்பட்ட கம்பியிடம் முழு வேகத்தை எதிர்பார்ப்பது நியாயமாகாது. கட்டடத்துக்குக் கட்டடம் செல்லும் தடத்துக்குக் கண்ணாடி இழையே உரியது. அது மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், இடிமின்னல் காலத்திலும் கருவிகளுக்குக் காப்பாக அமைகிறது.

படிப்படியான சோதனை

ரிங் பிரேமில் நூல் அடிக்கடி அறுந்தால், அனுபவமுள்ள மேஸ்திரி அந்த இயந்திரத்தோடு நின்றுவிடாமல், சிம்ப்ளக்ஸ், டிராயிங், கார்டிங் என்று ஒவ்வொரு கட்டமாகப் பின்னோக்கிச் சென்று குறையின் பிறப்பிடத்தைக் காண்பார். இணையத்துக்கும் அதே முறை பொருந்தும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றி, மாற்றியபின் அளந்து, அளந்ததை எழுதிவைப்பதே அதன் சாரம்.

முதற்கட்டமாக, மற்றக் கருவிகளையும் பின்னணியில் இறங்கும் அப்டேட்டுகளையும் நிறுத்தி, கணினியின் ஈதர்நெட் அமைப்பில் இணைப்பு வேகம் 1000 என்று உள்ளதா 100 என்று உள்ளதா எனக் காண வேண்டும். 100 என்றிருந்தால், நல்ல கேபிள் ஒன்றை மாற்றிச் செருகியும், ரவுட்டரில் வேறு போர்ட்டில் செருகியும் பார்க்க வேண்டும். ரவுட்டரின் போர்ட்டே 100-க்கு மட்டும் செய்யப்பட்டதாகவும் இருக்கலாம். இரண்டாவதாக, மறுமுனைக்கு ஒரு சிறு செய்தியை அனுப்பி அது திரும்பும் நேரத்தை அளக்கும் பிங் கட்டளையை ரவுட்டருக்கு அனுப்பினால், கம்பி இணைப்பில் விடை 1 மில்லிநொடி அளவுக்குள், ஒன்றுகூடத் தவறாமல் வர வேண்டும். தவறினால் குறை அறைக்குள் உள்ளது. ரவுட்டர் வரை சரியாக இருந்து, வெளி முகவரிக்கு அனுப்பும்போது மட்டும் தவறினால், குறை சுவருக்கு அப்பால் உள்ளது.

சுவருக்கு அப்பாலும் காரணங்கள் பல உண்டு. மாதத்துக்கான டேட்டா வரம்பு தீர்ந்ததும் வேகத்தைக் குறைக்கும் விதி பல திட்டங்களில் உள்ளது. நொடிக்கு ஏறத்தாழ 2.5 ஜிகாபிட் கொண்ட ஓர் இழையை ஸ்பிளிட்டர் வழியாக 32 வீடுகள் பகிரும்போது, எல்லாரும் ஒரே நேரத்தில் இழுத்தால் ஒரு வீட்டின் பங்கு 78 மெகாபிட் அளவே. இழை கூர்மையாக வளைந்திருந்தால் ஒளி கசிந்து, ஓஎன்டி பெறும் ஒளியின் அளவு குறைகிறது. 3 டெசிபெல் குறைந்தாலே ஒளி பாதியாகிவிட்டது என்று பொருள். அரிதாகக் கடலுக்கடியிலும் காரணம் அமைவதுண்டு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது கடலடிக் கேபிள் ஒன்று பழுதுபட்டு இணையம் தளர்ந்தது.

இத்தனை காரணங்களையும் ‘நெட் ஸ்லோ’ என்ற ஒரே சொல்லில் அடக்கிப் புகார் செய்யும்போது, லைன்மேன் வந்து ரவுட்டரை அணைத்துப் போட்டுவிட்டுச் செல்வதைத் தவிர வேறு வழி அவருக்கும் இருப்பதில்லை. தேதி, நேரம், இணைப்பு வேகம், ரவுட்டர் வரையிலான பிங், வெளி முகவரிக்கான பிங் ஆகியவற்றைக் காலை, மாலை, இரவு என மூன்று நாள்கள் எழுதிய ஒற்றைத் தாள் கையில் இருந்தால், எந்தக் கட்டத்தில் நூல் அறுகிறது என்பது அவருக்கும் வாடிக்கையாளருக்கும் ஒருசேரத் தெரிந்துவிடும்; பழுது பார்க்க வேண்டிய இடத்தில் பழுது பார்க்கப்படும்.

(அடுத்த இதழில்: ஸ்பிளிட்டர் பெட்டிக்குள் ஒளி பங்கிடப்படும் விதம்)