கம்ப்யூட்டர் மந்தமா? புதிது வாங்குமுன் மெமரியைப் பாருங்கள்



நம்மில் பலர் கடைக் கணக்கை வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் வைத்திருக்கிறோம். பகலில் பேரப்பிள்ளைகளின் பாடம். இரவு கடையை அடைத்து வந்த பிறகு டாலியில் கொள்முதல், விற்பனைப் பதிவு. மாதாமாதம் தாக்கல் செய்வோருக்கு 11ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1, 20ஆம் தேதிக்குள் 3பி. அந்த 20ஆம் தேதி இரவு பார்த்துத்தான் இயந்திரம் படுத்துக்கொள்ளும். ஒரு நாள் தவறினால் ஐம்பது ரூபாய் தாமதக் கட்டணம், அதற்கு மேல் கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி.

மயிலாப்பூரில் நம் வீட்டுக் கம்ப்யூட்டர் 2019இல் வாங்கியது. 2024 ஆகஸ்டில் அது டாலியைத் திறக்கவே மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டது. டாலியும் ஜி.எஸ்.டி. தளமும் ஒருசேரத் திறந்திருந்தால் மவுஸ் அம்பு அசையாது. "இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள்" என்று ஒருவர் முப்பத்தைந்தாயிரத்துக்குக் கொட்டேஷன் கொடுத்துவிட்டார். நாமும் காசோலை எழுதும் நிலைக்கு வந்துவிட்டோம். மருமகள்தான், "மாமா, முதலில் எது குறைச்சல் என்று பார்த்துவிடலாமே" என்றாள்.

மெமரி என்பது என்ன என்பதனை நம் கடையை வைத்தே சொல்லிவிடலாம். ஹார்டு டிஸ்க் என்பது கிடங்கு. மெமரி என்பது தராசுக்கு முன்னால் உள்ள மேஜை. பிராசஸர் என்பது நிறுத்துக் கொடுக்கும் ஆள். மேஜையில் இடம் இருந்தால் பருப்பு, சர்க்கரை, எண்ணெய் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு ஆள் கைவேகமாய் நிறுப்பான். இடம் இல்லையென்றால் ஒன்றைக் கிடங்கில் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் இன்னொன்றைக் கொண்டுவர வேண்டும். ஆள் எவ்வளவு கெட்டிக்காரனாய் இருந்தும் பயனில்லை, நாள் முழுதும் கிடங்குக்கும் மேஜைக்கும் நடந்துகொண்டே இருப்பான். மெமரி நிறைந்துவிட்டால் விண்டோஸும் இப்படித்தான், மிகுந்ததை டிஸ்கில் கொண்டுபோய் இறக்கி வைக்கிறது. பழைய ஹார்டு டிஸ்க் சுழலும் தகடு. மெமரியின் வேகத்துக்கு அது கிட்டவே வராது.

குறை எங்கே என்று பார்க்க ஆள் கூப்பிட வேண்டியதில்லை. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பொத்தான்களையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்பார்மன்ஸ் என்னும் பகுதியில் மெமரி எத்தனை சதவீதம், டிஸ்க் எத்தனை சதவீதம் என்று காட்டும். காலையில் திறந்தவுடன் பார்க்காதீர்கள். டாலி, ஜி.எஸ்.டி. தளம், பேரன் திறந்து வைத்த பாடம் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் பாருங்கள். மெமரி எண்பத்தைந்து, தொண்ணூறுக்கு மேல் நின்றால் மேஜை போதவில்லை என்று பொருள். மெமரி பாதியில் இருக்க, டிஸ்க் மட்டும் நூறில் நின்றால் டிஸ்க்தான் தடை. இரண்டுமே உச்சத்தில் இருந்தால் மெமரியை முதலில் கவனியுங்கள். மெமரி போதாததால்தான் டிஸ்க் அப்படி ஓடிக்கொண்டிருக்கக்கூடும்.

நம் வீட்டில் மெமரி 4 ஜி.பி., அதில் 92 சதவீதம் நிறைந்திருந்தது. செலவில்லாத வைத்தியத்தை முதலில் செய்தோம். டாஸ்க் மேனேஜரிலேயே ஸ்டார்ட்அப் பகுதியில், கம்ப்யூட்டர் திறக்கும்போதே தானாக எழுந்து உட்காரும் புரோகிராம்கள் பட்டியலாய் இருக்கும். பதினொன்றில் ஏழு வேண்டாதவை, அவற்றை நிறுத்தினோம். வைரஸ் தடுப்பு இரண்டு இருந்தது. இரண்டு காவலாளிகள் ஒருவரையொருவர் சோதனை போட்டுக்கொண்டிருந்தால் வேலை எப்படி நடக்கும்? விண்டோஸுடன் வருகிற டிபெண்டரை மட்டும் வைத்துக்கொண்டோம். பிறகு பெட்டியைத் திறந்து தூசி தட்டினோம். மளிகைக் கடையிலேயே கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் இதை அவசியம் செய்ய வேண்டும். மிளகாய்த்தூளும் மாவும் விசிறியில் அடைத்தால் சூடு ஏறும், சூடு ஏறினால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இவ்வளவுக்குப் பிறகு 92 என்பது 81 ஆயிற்று. போதாது.

ஆகவே மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி தெருவுக்குப் போனோம். தி.நகர், மயிலாப்பூர், அடையாறு எங்கிருந்து போனாலும் அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். போகுமுன் இரண்டு விவரம் குறித்துக்கொண்டு போக வேண்டும். டாஸ்க் மேனேஜரில் மெமரியைத் தொட்டால் வேகமும், எத்தனை இடத்தில் எத்தனை நிரம்பியுள்ளது என்பதும் தெரியும். வேகம் 1333, 1600 என்றிருந்தால் அது பெரும்பாலும் டி.டி.ஆர்.3. 2133 முதல் 3200 வரை என்றால் டி.டி.ஆர்.4. ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. அட்டையின் அடியில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். லேப்டாப் மெமரி நீளத்தில் குட்டை, அதுவும் தனி. நம்முடையது டி.டி.ஆர்.4, 2400, ஒரு இடம் காலி. இன்னொரு 4 ஜி.பி. ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைத்தது. புதியது 2666 வேகம்; பழையதோடு சேர்ந்தால் இரண்டும் 2400இல்தான் ஓடும், அதனால் கெடுதல் இல்லை.

வீட்டுக்கு வந்து பொருத்தினோம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் இரும்பைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொண்டு, இரண்டு ஓரமும் 'டக்' என்று மாட்டும் வரை அழுத்த வேண்டும். திரை வராமல் பீப் சத்தம் மட்டும் கேட்டால் பயப்பட வேண்டாம், சரியாக உட்காரவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். அட்டையை எடுத்து அதன் பொன்னிறப் பற்களை பென்சில் ரப்பரால் மெதுவாய்த் துடைத்து மறுபடி மாட்டினால் சரியாகிவிடும்.

நமக்குத் திரை வந்தது. ஆனால் வேகம் வரவில்லை. 8 ஜி.பி. என்று காட்டி, பக்கத்திலேயே உபயோகிக்கக்கூடியது மூன்று சொச்சம் என்று காட்டியது. விற்றவர் கேட்கவுமில்லை, நாம் சொல்லவுமில்லை. நம் கம்ப்யூட்டரில் போட்டிருந்தது 32 பிட் விண்டோஸ். அது 4 ஜி.பி.க்கு மேல் கையாளாது. செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் என்ற இடத்தில் இது எழுதியிருக்கும். கடைக்குப் போகுமுன் பார்க்க வேண்டிய மூன்றாவது விவரம் இது. நாம் அதைப் பின்னால் தெரிந்துகொண்டோம்.

32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு மாற வேண்டுமானால் டிஸ்கை அழித்துப் புதிதாய்த்தான் போட வேண்டும். லைசென்ஸ் புதிதாய் வாங்க வேண்டாம், அதே பதிப்பாயிருந்தால் பழையதே செல்லும். வந்த மெக்கானிக் "அரை மணி வேலை சார்" என்று பார்மட் செய்யக் கையை வைத்துவிட்டார். அன்று ஆகஸ்ட் 18. மருமகள் நிறுத்தச் சொல்லிவிட்டு, நாம் மாதாமாதம் பேக்கப் எடுத்து பீரோவில் பூட்டி வைக்கும் பென் டிரைவைத் தம்பி மகன் லேப்டாப்பில் போட்டுத் திறந்தாள். கணக்கு ஜூன் 30ஓடு நின்றிருந்தது! ஜூலை மாதத்துப் பில் அத்தனையும், ஆகஸ்டில் பாதியும் பெட்டிக்குள் மட்டுமே இருந்தன. அன்றிரவே புதிதாய் பேக்கப் எடுத்து, வேறு கம்ப்யூட்டரில் திறந்து, ஜூலை மாதத்து மொத்தம் சரியாய் வருகிறதா என்று ஒத்துப் பார்த்த பிறகே மெக்கானிக்கை விட்டோம். பேக்கப் எடுத்தேன் என்பது வேறு, அது திறக்கிறது என்பது வேறு. டாலி லைசென்ஸை பார்மட் செய்யுமுன் 'சரண்டர்' செய்துவிட வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம், இல்லையேல் மறுபடி உயிர்ப்பிக்கும்போது அலைச்சல்.

எப்படியும் புதிதாய்ப் போடுகிறோமே என்று பழைய டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. ஒன்றும் மாட்டினோம். இதில் தகடும் சுழற்சியும் இல்லை. இப்போது டாலி சில விநாடிகளில் திறக்கிறது, எல்லாம் ஓடும்போதும் மெமரி 60 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. 20ஆம் தேதி மாலை ஆறு மணிக்கு 3பி தாக்கலாயிற்று. மொத்தச் செலவு கொட்டேஷனில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்.

ஆனால் எல்லா இயந்திரத்துக்கும் இது பொருந்தாது. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாப்ட் 14-10-2025 அன்று நிறுத்திவிட்டது. 2018க்கு முந்திய இயந்திரங்கள் பெரும்பாலும் விண்டோஸ் 11ஐ ஏற்பதில்லை. டி.டி.ஆர்.3 மெமரி உள்ள பழைய பெட்டியில் பாங்கு வேலையும் வரித் தாக்கலும் செய்கிறவர்கள் அதில் மேலும் பணம் போட வேண்டாம் என்பதே நம் அபிப்பிராயம். பில் மட்டும் அடிக்கிற, இன்டர்நெட் தொடர்பில்லாத பெட்டிக்குச் செலவு செய்யலாம்.

விலை விஷயம் ஒன்று. 2025 கடைசி மாதங்களில் மெமரி விலை தாறுமாறாய் ஏறியது. செயற்கை நுண்ணறிவுக் கூடங்களுக்கு அதிக லாபத்தில் போகிற சரக்குக்கே தயாரிப்பாளர்கள் முதலிடம் கொடுத்ததுதான் காரணம். மைக்ரான் நிறுவனம் சில்லறை வாடிக்கையாளருக்கான குரூஷியல் வியாபாரத்தையே கைவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. மொத்தக் கொள்முதல்காரன் பெரிதாய் வந்தால் சில்லறைக்காரனுக்குச் சரக்கு கிடைக்காமல் போவது நமக்குப் புதிதல்ல. இப்படிப்பட்ட வேளையில் கழற்றி விற்கும் பழைய மெமரி கடைகளில் நிறைய வரும். அதை வாங்கினால் கடையிலேயே மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வாரண்டி எழுதிய பில்லும், அதில் உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணும் இருக்கட்டும். கடைக் கணக்குக்குப் பயன்படும் அளவுக்கு 18 சதவீத வரியை உள்ளீட்டு வரவாய் எடுக்கலாம். இணக்க வரித் திட்டத்தில் உள்ளவர்களுக்கு அது கிடையாது. வீட்டுக்கும் கடைக்கும் பொதுவான பெட்டியானால் எவ்வளவு எடுக்கலாம் என்று ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளவும்.