சத்திர வைத்தியரின் கையும் நெஞ்சும்

பம்பலப்பிட்டியிலே, காலி வீதியிலிருந்து கடற்பக்கமாகத் திரும்பும் ஒழுங்கை ஒன்றில் நமக்குப் பழக்கமான குடும்பமொன்று வசிக்கின்றது. அவ்வீட்டுப் பேர்த்தி உயர்தர வகுப்பில் உயிரியல் படிப்பவள். சத்திர வைத்தியராக வேண்டும் என்பது அவள் ஆசை. அதை ஊட்டியது பாடப்புத்தகமன்று. ‘கிரேஸ் அனாட்டமி’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர். நாம் அங்கே சென்றிருந்தபோது அவளுக்கும் அம்மம்மாவுக்கும் இதுபற்றிப் பெரும் வழக்கே நடந்துகொண்டிருந்தது.

“டொக்டர்மார் இப்படிக் காதலும் கண்ணீருமாய்த் திரிந்தால் நோயாளியை ஆர் பார்க்கிறது, பிள்ளை?” என்றார் அம்மம்மா.

“நீங்கள் மட்டும் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ பார்த்து அழவில்லையோ?” என்றாள் பேர்த்தி.

கேள்வி நியாயமானதே. 1962 இல் ஸ்ரீதர் எழுதி இயக்கிய அந்தப் படம் ஏறக்குறைய முழுவதும் ஓர் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நிகழ்வது. புற்றுநோயாளியான வேலு (முத்துராமன்) சிகிச்சைக்கு வருகிறான். உடன் வந்த மனைவி சீதா (தேவிகா), டாக்டர் முரளி (கல்யாண்குமார்) ஒருகாலத்தில் நேசித்த பெண். கணவனின் உயிர் இப்பொழுது அந்த முரளியின் கையில். பழைய காதல் அந்தக் கையைத் தடுமாறச் செய்யுமோ என்று சீதா அஞ்சுகிறாள். முரளியோ இரவு பகலாக உழைத்து வேலுவைக் காப்பாற்றிவிட்டு, அந்தப் பாரம் தாங்காமல் தானே மடிந்துபோகிறான். அடுத்த ஆண்டே இது ‘தில் ஏக் மந்திர்’ என்று இந்திக்கும் போயிற்று. வைத்தியர் இப்படிச் சாகத்தான் வேண்டுமா என்பது வேறு விஷயம். அன்றைய படங்களில் தியாகி உயிரோடு வீடு திரும்புவது அபூர்வம்.

பேர்த்தி போற்றும் தொடர் 2005 மார்ச்சில் ஆரம்பமாயிற்று. ஹென்றி கிரே 1858 இல் வெளியிட்ட புகழ்பெற்ற உடற்கூற்று நூலின் பெயரைச் சிறிது திருத்தி, கதாநாயகி மெரிடித் கிரேயின் பெயரோடு பொருந்தவைத்தவர் ஷோண்டா ரைம்ஸ் என்னும் பெண் எழுத்தாளர். சியாட்டில் நகரில் ஒரு கற்பனை ஆஸ்பத்திரி. அங்கே பயிற்சிபெறும் இளம் வைத்தியர்கள். அவர்களது சத்திர சிகிச்சைகள், போட்டிகள், திருமணங்கள், பிரிவுகள். 2022 இல் நானூறாவது அத்தியாயமும் வந்துவிட்டது.

அவற்றுள் 2006 இல் வந்த ஒரு கதை, முரளியின் கதையைத் தலைகீழாகக் கவிழ்த்தாற் போன்றது. இஸ்ஸி என்னும் பயிற்சி வைத்தியை, மாற்று இதயத்துக்காகக் காத்திருக்கும் டென்னி என்ற நோயாளியைக் காதலிக்கிறாள். ஓர் இதயம் கிடைக்கிறது. ஆனால் காத்திருப்போர் பட்டியலில் வேறொருவர் டென்னிக்கு வெறும் 17 விநாடிகள் முன்னதாகப் பதியப்பட்டிருக்கிறார். டென்னியின் நிலை மோசமானால் அவனுக்கே முதலிடம் கிடைக்குமென்று எண்ணி, அவன் இதயத்துக்குத் துணைநின்ற இயந்திரத்தின் கம்பியை இஸ்ஸி வெட்டிவிடுகிறாள்! இதயம் டென்னிக்கே கிடைக்கிறது. எனினும் அவன் பிழைக்கவில்லை.

இதைப் பேர்த்தி கண் கலங்கச் சொல்லி முடித்ததும் அம்மம்மா கேட்டார்: “அந்த முதலாவது ஆளுக்கும் வீட்டிலே பெண்சாதி பிள்ளைகள் இருந்திருக்குமே. அவர்களுக்கு ஆர் அழுதது?”

பேர்த்தி பதில் சொல்லவில்லை. நாமும் பேசவில்லை. டென்னியைப் பல வாரங்களாகப் பார்த்துப் பழகிய நமக்கு, அவன்மீது வந்த இரக்கம் அந்த மற்றவர்மீது வரவில்லையே! வைத்தியருக்கோ இருவரும் ஒரே தராசில் நிற்கவேண்டியவர்கள். தம் நெருங்கிய குடும்பத்தவருக்குத் தாமே சிகிச்சை செய்வதைப் பொதுவாகத் தவிர்க்கவேண்டுமென அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஒழுக்கக்கோவை வைத்தியர்களுக்குச் சொல்வதும் இத்தகைய தடுமாற்றத்தை எண்ணியே. தொடரில் இஸ்ஸி பின்னர் வேலைக்குத் திரும்பிவிடுகிறாள். உண்மையுலகில் அவளுடைய வைத்தியப் பதிவு நிலைத்திருக்குமென்று நாம் நம்பவில்லை.

மாணவர்களுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். இத்தொடரில் விபத்துக் காயங்களோடு வரும் 290 நோயாளிகளை உண்மை நோயாளிகளோடு ஒப்பிட்ட ஆய்வொன்று 2018 இல் வெளியாயிற்று. தொடரில் நூற்றுக்கு 22 பேர் இறந்தார்கள். உண்மையில் 7 பேரே. ஆனால் படுகாயமுற்றுத் தப்பியவர்களில் ஒரு வாரத்துக்குள் ஆஸ்பத்திரியை விட்டுச் சென்றவர்கள் தொடரில் பாதிப்பேர். உண்மையில் ஐந்தில் ஒருவர். அதாவது, திரையிலே மரணமும் மலிவு, குணமாதலும் மலிவு. இடையே கிடக்கும் நீண்ட நாட்களை, தாதி புண்ணைத் துடைத்துக் கட்டும் காலைகளை, வாட்டு வாசலில் பிளாஸ்க்கோடு தாய்மார் காத்திருக்கும் மாலைகளை, எந்த இயக்குநர் படம்பிடிப்பார்? வைத்தியரின் வாழ்நாளில் பெரும்பகுதி அங்கேதான் கழிகிறது.

இவற்றையெல்லாம் கேட்டபின்பும் பேர்த்தியின் ஆசை மாறவில்லை. மாறவேண்டுமென்று நாமும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்தை இருவரும் சேர்ந்து பார்ப்பதென்று முடிவாயிற்று. அம்மம்மா கைக்குட்டையை இப்போதே எடுத்து வைத்துவிட்டார்.