குற்றால சீசனுக்கு ரயிலில் போறீங்களா? டிக்கெட் எடுக்கும் முன் இதைப் படிங்க!

தென்காசியில் சாரல் விழுந்துவிட்டால் போதும், குற்றாலத்துக்குக் கிளம்ப மனம் துடிக்கும். ஆனால், அதன் பிறகு டிக்கெட் தேடினால் பெரும்பாலும் வெயிட்டிங் லிஸ்ட்தான்.

குற்றாலத்தில் ரயில் நிலையம் கிடையாது. சுமார் 5 கிலோமீட்டர் தள்ளியுள்ள தென்காசியில் இறங்கி, பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும்.

எப்போது எடுப்பது?

2024 நவம்பர் முதல் முன்பதிவுக் காலம் 60 நாள்கள்தான். ஜூலை 15 பயணத்துக்கு மே 16 காலை 8 மணிக்கே தயாராக இருங்கள்.

எதில் செலவு குறைவு?

சென்னையிலிருந்து வரும் பொதிகை, அதிவிரைவு ரயில். ஸ்லீப்பரில் தலைக்கு 30 ரூபாய் அதற்கான கூடுதல் கட்டணம். தென்காசி வழியாகச் செல்லும் கொல்லம் எக்ஸ்பிரஸில் இந்தக் கட்டணம் இல்லை. நான்கு பேர் போனால் 120 ரூபாய் மிச்சம்!

ஆன்லைன் சேவைக் கட்டணம் ஆளுக்கு அல்ல, டிக்கெட்டுக்குத்தான். அதனால் குடும்பத்துக்கே ஒரே டிக்கெட்டாக எடுங்கள். ஒரு டிக்கெட்டில் 6 பேர் வரை சேர்க்கலாம். கவுன்டரில் எடுத்தால் இந்தக் கட்டணமே இல்லை.

தட்கல் எடுக்கலாமா?

ரயில் புறப்படுவதற்கு முந்தைய நாள் ஏ.சி. வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும், ஸ்லீப்பருக்கு 11 மணிக்கும் தொடங்கும். கட்டணம் கூடுதல். உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது.

அருவியில் வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை விதிப்பார்கள். எனவே, தட்கலுக்கு முன் அருவி நிலவரத்தை விசாரித்துவிடுங்கள். பணமும் மிஞ்சும், ஏமாற்றமும் இருக்காது!