நுரை பொங்கினால் நல்ல ஷேவிங்கா? தண்ணீரையும் கொஞ்சம் கவனியுங்க!

முகம் முழுக்க வெள்ளை வெளேர்னு நுரை. ஆனால் பிளேடை வைத்ததுமே வறட்டு வறட்டென்று இழுக்கிறது. முடித்த பிறகு கழுத்தில் எரிச்சல், அங்கங்கே சிவப்புப் புள்ளிகள். உடனே பழி பிளேடு மேல் விழும். ‘இன்னும் விலை கூடின ரேசர் வாங்கணும் போல’ என்று கடைக்குப் போவோம். பல வீடுகளில் கோளாறு பிளேடில் இல்லை, நுரையில் இருக்கிறது.

நுரைக்கு அப்படி என்ன வேலை?

காய்ந்த தாடி முடி விறைப்பானது. இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரில் ஊறினால் இளகிவிடும்; வெட்டுவதற்குக் குறைந்த அழுத்தமே போதும். ஆனால் முகத்தில் வெறும் தண்ணீரைத் தெளித்தால் வழிந்துபோகும், இல்லையென்றால் காய்ந்துவிடும். அந்தத் தண்ணீரை முடியோடு பிடித்து வைப்பதுதான் நுரையின் முதல் வேலை. பிளேடு தோலை உரசாமல் வழுக்கிப் போக ஒரு படலம் தருவது அடுத்த வேலை. இரண்டையும் செய்வது சோப்பும் தண்ணீரும். மலை மாதிரி பொங்கி நிற்கும் நுரையில் பெரும்பகுதி காற்றுதான்.

குளியல் சோப்பைத் தேய்த்து ஷேவ் செய்கிறவர்கள் உண்டு. அதன் குமிழ்கள் பெரியவை. ஒரு கன்னம் முடிவதற்குள் உடைந்து காய்ந்துவிடும். ஷேவிங் கிரீமில் ஸ்டியரிக் அமிலமும் பொட்டாசியமும் சேர்ந்த சோப்பு இருக்கும். குமிழ்கள் பொடிசாக, நெருக்கமாக, சீக்கிரம் உடையாமல் நிற்பதற்கு அதுவே காரணம். ஈரம் காக்க கிளிசரினும் சேர்ப்பார்கள்.

உப்புத் தண்ணீர் செய்யும் வேலை

நல்ல கிரீம் வாங்கியும் நுரை நிற்கவில்லையா? உங்கள் வீட்டுக் குழாயைப் பாருங்கள். வாயில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா? போர் தண்ணீரில் பருப்பு வேக நேரமாகிறதா? அது கடினநீராக இருக்கலாம். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து தண்ணீரில் கரையாத கசடாகிவிடும். பக்கெட் ஓரத்தில் பிசுபிசுவென்று ஒட்டுமே, அதேதான். சோப்பில் ஒரு பங்கு இப்படியே வீணாகிறது. மிச்சம்தான் நுரைக்கு. குடிநீருக்கான இந்தியத் தர அளவின்படி (ஐ.எஸ். 10500) கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீரே இல்லாதபோது 600 வரை அனுமதி. பல போர்கள் இந்த 600-ஐயும் தாண்டும்.

வழி ரொம்ப எளிது. பிரஷ்ஷை நனைக்கவும் நுரை குழைக்கவும் மட்டும் அரை டம்ளர் ஆர்.ஓ. தண்ணீரோ மழைநீரோ எடுத்துக்கொள்ளுங்கள். முகம் கழுவ வழக்கமான தண்ணீரே போதும். கொதிக்க வைத்தால் கடினத்தன்மை ஓரளவு குறையும், முழுதாகப் போகாது.

எப்படிக் குழைப்பது?

பிரஷ்ஷை நனைத்து லேசாகப் பிழிந்துவிட்டு, பட்டாணி அளவை விடக் கொஞ்சம் கூடுதலாக கிரீம் எடுத்தால் போதும். முதலில் வருவது கெட்டியாக, பஞ்சு மாதிரி இருக்கும். ‘ஆஹா, நுரை வந்தாச்சு’ என்று பெரும்பாலானோர் இங்கேயே நிறுத்திவிடுகிறோம். எரிச்சலில் பாதிக்கு இந்த அவசரம்தான் காரணம் என்பேன். இதற்கு மேல்தான் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுச் சுழற்ற வேண்டும். நுரை மெல்ல இறங்கி, கெட்டித் தயிர் மாதிரி பளபளப்பாகும். கண்ணுக்குக் குமிழே தெரியாது. முகத்திலிருந்து வழிந்தால் தண்ணீர் கூடிவிட்டது, இன்னும் கொஞ்சம் கிரீம் சேருங்கள். பூசியதும் இரண்டு நிமிடம் விட்டுவிட்டு பிளேடை எடுங்கள்.

சரியாக வந்ததா என்று பார்க்க, பிளேடு போன இடத்தில் விரலை வையுங்கள். இன்னும் வழுக்கினால் நல்ல நுரை. ‘கிறீச்’ என்று விரல் பிடித்தால் அந்த இடத்தில் மறுபடி நுரை பூசாமல் பிளேடை ஓட்டாதீர்கள்.

மென்தால் தரும் ‘ஜில்’லுக்கும் நுரையின் தரத்துக்கும் சம்பந்தம் இல்லை. கேனில் வரும் நுரை அவசரத்துக்குச் சரி. ஆனால் அதில் வாயுவும் தண்ணீரும் ஏற்கெனவே அளந்து வருகின்றன, நம் இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைக்க முடியாது. அதைப் பூசும் முன் முகத்தை நன்றாக ஈரமாக்கிக்கொள்ளுங்கள்.

சலூனில்? புது பிளேடு போடுகிறாரா என்று பார்க்கும் நாம் பிரஷ்ஷைக் கவனிப்பதில்லை. ‘அண்ணே, பிரஷ்ஷைக் கொஞ்சம் கழுவிட்டு, இன்னொரு தடவை தண்ணி தொட்டுப் போடுங்க’ என்று தயங்காமல் கேட்கலாம்.