குவெரியில் பிழையா, சர்வர் பழசா?

சின்னாளப்பட்டிச் சேலைக்கடை ஒன்றுக்குத் திண்டுக்கல் மாணவி ஒருவர் பில் மென்பொருள் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வாடிக்கையாளரின் கடைசி பில்லை மட்டும் எடுக்க, 'ரோ நம்பர்' ஃபங்ஷனை 'ஓவர் (பார்ட்டிஷன் பை...)' என்ற பகுதியோடு சேர்த்துக் குவெரி எழுதுகிறார். அவருடைய லேப்டாப்பில் சரியாக ஓடுகிறது. கடைக் கம்ப்யூட்டரிலோ 1064 என்ற சின்டாக்ஸ் பிழை வருகிறது.

லேப்டாப்பில் இருப்பது மைஎஸ்க்யூஎல் 8.0, கடையில் 5.7. இந்த வகைக் குவெரி 2018 ஏப்ரலில் வெளியான 8.0-இல்தான் வந்தது. 5.7-க்கு 'ஓவர்' சிறப்புச் சொல்லே அல்ல. அதை ஒரு நெடுவரிசையின் மாற்றுப்பெயராக எடுத்துக்கொண்டு, அடுத்து வரும் அடைப்புக்குறியில்தான் தடுமாறுகிறது. பிழைச் செய்தியும் அந்த அடைப்புக்குறியையே காட்டும். நாமும் அடைப்புக்குறிகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம்!

அதே செய்தியில், உங்கள் சர்வர் வெர்ஷனுக்கான கையேட்டைப் பாருங்கள் என்ற வரியும் இருக்கும். முதலில் படிக்க வேண்டியது அதைத்தான்.

வெர்ஷனைக் கண்டுபிடிக்க, பிழை வந்த அதே இணைப்பில் 'செலக்ட் வெர்ஷன்()' என்று கேளுங்கள். கமாண்ட் விண்டோவில் 'மைஎஸ்க்யூஎல் --வெர்ஷன்' என்று கேட்டால் கிளையன்டின் வெர்ஷன்தான் வரும். சர்வருடையது வேறாக இருக்கலாம். எக்ஸாம்ப் நிறுவியிருந்தால், உள்ளே ஓடுவது மரியாடிபியாகக்கூட இருக்கும். அதற்கு வெர்ஷன் எண்ணும் வேறு, கையேடும் வேறு.

காரணம் தெரிந்துவிட்டால் வழி இரண்டு. சர்வர் உங்கள் பொறுப்பில் இருந்தால், முழு பேக்கப் எடுத்து, அது திரும்ப ஏறுகிறதா என்று வேறு கம்ப்யூட்டரில் சோதித்தபின் புது வெர்ஷனுக்கு மாற்றுங்கள். 5.7-க்கான ஆதரவு 2023 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் இனி வராது. மாற்ற முடியாத இடமென்றால், குவெரியைப் பழைய முறையில் எழுதுங்கள்: 'குரூப் பை' போட்டு ஒவ்வொருவரின் மிகப்பெரிய பில் எண்ணை எடுத்து, அதை பில் டேபிளோடு ஜாயின் செய்தால் அதே விடை கிடைக்கும்.

புது வெர்ஷனுக்குப் போகும்போது எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு. 8.0-இல் 'ரேங்க்' ஒதுக்கப்பட்ட சொல். அந்தப் பெயரில் நெடுவரிசை இருந்தால், அதுவரை ஓடிய குவெரியே 1064 காட்டும். பெயரைப் பேக்டிக் குறிக்குள் வைத்தால் போதும்.

வேலையை ஒப்புக்கொள்ளும் நாளிலேயே கடை சர்வரின் வெர்ஷனைக் கேட்டு, அதே வெர்ஷனை உங்கள் லேப்டாப்பிலும் நிறுவி எழுதுங்கள். இந்தப் பிழை டெலிவரி நாளில் வராது.