பேஸ் கிற்றாரின் கூரையும் தரையும்

இலங்கை மின்சாரத்துக்கு ஒரு சுருதி உண்டு. மட்டக்களப்பில் எந்த மேடையிலும் பழுதான வயர் ஒன்றை அம்பிளிபயரில் செருகிப் பாருங்கள், 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் எழும். நமது மின்னோட்டத்தின் அதிர்வெண் நொடிக்கு 50. அதனால் அந்த இரைச்சல் 50 ஹேர்ட்ஸிலும் அதன் மடங்குகளான 100, 150 ஹேர்ட்ஸிலும் கேட்கும். பாட்டுக்காரர் கணக்கில் சொன்னால் ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் மேலே. பேஸ் கிற்றாரின் மிகத் தடித்த கம்பியில் மூன்றாவது பிரெட்டை அழுத்தினால் வரும் ஜி சுரம் 49 ஹேர்ட்ஸ். மெல்லிய கம்பியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் 98 ஹேர்ட்ஸ். சுரமும் இரைச்சலும் இவ்வளவு நெருங்கி நிற்பதால், அந்த ஜி நீண்டு ஒலிக்கும்போது நொடிக்கு ஒன்றோ இரண்டோ தடவை ஒலி ஏறி இறங்கும். சுருதி விலகிவிட்டது என்று நினைத்து வாசிப்பவர் திருகாணியைத் திருகிக்கொண்டே இருப்பார். அமெரிக்க மின்சாரம் 60 ஹேர்ட்ஸ் என்பதால் அங்கே இந்தத் தொல்லை பி சுரத்துக்குப் பக்கத்தில் போய்விடுகிறது.

இந்த இரைச்சலைத்தான் தரை என்கிறேன். கிற்றாரிலிருந்து வரும் சிக்னல் இதைவிட எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அவ்வளவு சுத்தமாக இசை கேட்கும். மேலே ஒரு கூரையும் இருக்கிறது, அதற்குப் பிறகு வருவோம். ஒலியை மாற்றும் பெடல் பெட்டிகளைக் காலடியில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் பேஸ்காரரின் வேலை முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கிறது.

தரையைப் பற்றிப் பேசும்போதே ஓர் எச்சரிக்கை. இரைச்சலை நிறுத்துவதற்காக மின் பிளக்கின் எர்த் கம்பியைக் கழற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கோவில் வீதியில் செருப்பில்லாமல், சில வேளை ஈர மணலில் நின்றுதான் நாம் வாசிக்கிறோம். கையிலிருப்பதோ உலோகக் கம்பி. எங்காவது 230 வோல்ட் கசிந்தால் எர்த் இல்லாத இடத்தில் அது பூமிக்குப் போகும் பாதை நம் உடம்புதான். இரைச்சலை நிறுத்தும் வேலையைப் பாதுகாப்பாகச் செய்யும் சுவிட்ச், கிற்றாரின் சிக்னலை மிக்ஸருக்கு அனுப்பும் டி.ஐ. பெட்டியிலேயே இருக்கிறது. பெட்டியிலிருந்து மிக்ஸருக்குப் போகும் சிக்னல் வயரின் எர்த் இணைப்பை மட்டும் அது பிரித்துவிடும், மின் இணைப்பின் எர்த்தை அது தொடுவதில்லை.

லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதில் பெடல் பற்றிய யோசனை எதுவும் இருக்கவில்லை. கிற்றாரிலிருந்து ஒரு வயர், அந்த வயரின் மறுமுனையில் அம்பிளிபயர், அவ்வளவுதான். இன்று நடுவில் கொம்பிரசர், ஈக்வலைசர், டிஸ்டோர்ஷன், கோரஸ், பிரீஅம்ப் என்று நான்கைந்து பெட்டிகள் புகுந்துவிட்டன. ஒவ்வொன்றும் சிக்னலைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும், தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலையும் சேர்க்கும். முதல் பெட்டி சேர்த்த இரைச்சலை அடுத்த பெட்டி பெருக்கும், அதை அதற்கடுத்தது பெருக்கும். சிக்னலைக் கொஞ்சம் உயர்த்த வேண்டுமென்றால் வரிசையின் தொடக்கத்திலேயே உயர்த்திவிடுவது நல்லது என்பது இதனால்தான். கடைசியில் உயர்த்தினால் சிக்னலோடு அதுவரை சேர்ந்த இரைச்சல் எல்லாமே உயரும்.

இந்த விதியை மட்டக்களப்பு மீனவர்கள் மின்சாரம் வருவதற்கு முன்பே கையாண்டார்கள். வாவியில் நிலாக் காலத்தில் மீன் பாடுவதைக் கேட்கப் போகிறவர்கள் துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி அதன் மறுமுனையைக் காதில் வைப்பார்கள். இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1848இல் இங்கு வந்து படகில் சென்று அந்த ஒலியைக் கேட்டார். படகின் மரத்தில் காதை வைத்தபோது ஒலி வெகுவாகக் கூடியதை அவர் எழுதி வைத்திருக்கிறார். தண்ணீரில் பிறந்த ஒலியில் மிகச் சிறு பங்குதான் காற்றுக்கு வரும், மீதி நீர்ப்பரப்பிலேயே திரும்பிவிடும். காற்றில் கலந்த பிறகு அதை எவ்வளவு பெருக்கினாலும் அலைச்சத்தமும் சேர்ந்தே பெருகும். மரம் அதைத் தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. 1960களில் இயேசு சபைத் துறவி அருட்தந்தை லாங்கின் உதவியோடு இலங்கை வானொலி அந்த ஒலியை ஒலிபரப்பியபோது நாடெங்கும் அதைக் கேட்டார்கள். பாடுவது மீனா, சிப்பியா, வேறெதுவுமா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. ஒலிப்பதிவாளருக்கு அது ஒரு பொருட்டல்ல, சிக்னல் பலவீனமானது என்பதுதான் அவருடைய கவலை.

இப்போது கூரை. பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட்டில் ஓடுபவை. உள்ளே இருக்கும் சிப் அந்த 9 வோல்ட்டை நடுவில் பிரித்து, அலை மேலே போக 4.5 வோல்ட், கீழே போக 4.5 வோல்ட் என்று இடம் கொடுக்கிறது. பழைய வகைச் சிப்கள் இரண்டு ஓரத்திலும் ஒன்று, ஒன்றரை வோல்ட்டை விழுங்கிவிடும். ஒவ்வொரு பக்கமும் மிஞ்சுவது ஏறக்குறைய 3 வோல்ட். பற்றரி பலவீனமாகும்போது இந்தக் கூரை இன்னும் தாழும். மேலும் மேலும் கூட்டினால் அலையின் தலை அந்த உயரத்தில் மட்டமாக வெட்டுப்படும். கிளிப்பிங் என்பது இதுதான்.

காரைதீவில் பிறந்து விஞ்ஞானப் பட்டதாரியான சுவாமி விபுலாநந்தர், 1947இல் வெளிவந்த யாழ்நூலில் பழைய நரம்புக் கருவிகளின் சுருதிகளை எண்களாகக் கணக்கிட்டுக் காட்டினார். அவர் போட்ட கணக்கோடு ஒப்பிட்டால் பெடல் கணக்கு குழந்தைக் கணக்கு. சிக்னலை 6 டெசிபல் கூட்டினால் வோல்ட் இரண்டு மடங்காகும், 20 டெசிபல் என்றால் பத்து மடங்கு. இவை இரண்டையும் நினைவில் வைத்தால் போதும். பற்றரி வைக்காத சாதாரண பேஸ் ஒன்றின் அலை உச்சம் 0.3 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். கொம்பிரசர் 6 டெசிபல் கூட்டுகிறது, 0.6 ஆகிறது. ஈக்வலைசரில் அடித்தொனியை 12 டெசிபல் ஏற்றுகிறோம், 2.4. பிரீஅம்பில் இன்னொரு 6 டெசிபல், 4.8. கூரை 3 வோல்ட் என்பதால் பிரீஅம்பில் அலை வெட்டுப்பட்டுவிட்டது. மூன்று குமிழ்களில் எதையும் நாம் முழுக்கத் திருகவில்லை. கம்பியைக் கொஞ்சம் வேகமாக அடித்து 0.5 வோல்ட்டில் தொடங்கினால் ஈக்வலைசரிலேயே 4 வோல்ட் வந்துவிடும், வெட்டு ஒரு பெட்டி முன்னதாக விழும்.

மற்றக் கருவிகளைவிட பேஸ் இந்த வலையில் எளிதாக விழுவதற்குக் காரணம் நம் காது. தாழ்ந்த ஒலிக்கு மனிதக் காது மந்தம். நாலு கம்பி பேஸின் அடிச்சுரம் 41 ஹேர்ட்ஸ், ஐந்து கம்பி பேஸில் 31 ஹேர்ட்ஸ். பாட்டுக்காரரின் குரலுக்கு நிகரான உரப்பில் அது கேட்க வேண்டுமென்றால் பல மடங்கு சக்தி வேண்டும். அதனால் பேஸ் கேட்கவில்லையே என்று பார்வையாளர் சொல்லும்போது அலை ஏற்கெனவே கூரையில் முட்டிக்கொண்டிருக்கும். மேலும் ஏற்றினால் உரப்புக் கூடாது, கரகரப்புத்தான் கூடும்.

அந்தக் கரகரப்பு எங்கிருந்து வருகிறது? அலையின் மேலும் கீழும் சமமாக வெட்டுப்பட்டால் மூலச் சுரத்தின் ஒற்றைப்படை மடங்குகள் புதிதாக முளைக்கின்றன. 41 ஹேர்ட்ஸ் சுரம் வெட்டுப்பட்டால் 124, 206, 288 என்று கம்பி சொல்லாதவையெல்லாம் கேட்கத் தொடங்கும். ஒரே சுரமானால் அது இனிமையாகக்கூட இருக்கலாம். இரண்டு கம்பிகளைச் சேர்த்து மீட்டினால் அவற்றின் கூட்டலும் கழித்தலும் வேறு வந்து கலங்கிவிடும். ஸ்பீக்கருக்கும் இது நல்லதல்ல. முழுதாக வெட்டுப்பட்டுச் சதுரமாகிப்போன அலை, அதே உயரமுள்ள இயல்பான அலையைவிட இரண்டு மடங்கு சக்தியைச் சுமக்கிறது. சுருள் சூடாவது அதனால்தான். ஒரு பெட்டியில் வெட்டுப்பட்ட அலையை அடுத்த பெட்டியில் சத்தத்தைக் குறைத்து ஒட்டவைக்கவும் முடியாது. சின்னதாகிப்போன வெட்டுப்பட்ட அலைதான் கிடைக்கும்.

மட்டக்களப்பில் இன்னொரு கரகரப்பும் உண்டு. கடலுக்கும் வாவிக்கும் இடையில் வாழ்கிறோம், உப்புக்காற்று ஜாக் முனைகளை அரித்துவிடும். கடுமையாக மீட்டும்போது மட்டும் கரகரத்தால் கிளிப்பிங். வயரை அசைத்தாலும் கரகரத்தால் ஜாக்கைத் துடையுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, கிளிப்பிங்கை விரும்பிக் காசு கொடுத்து வாங்குகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1960இன் கடைசியில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸ் பாடிய 'டோன்ட் வொரி' என்ற பாட்டின் ஒலிப்பதிவு நடந்தது. கிரேடி மார்ட்டின் ஆறு கம்பி பேஸில் இடையிசை வாசித்தபோது மிக்ஸர் மேசையின் டிரான்ஸ்பார்மர் ஒன்று பழுதாகி, பேஸ் கரகரவென்று கிழிந்த குரலில் வந்தது. அதை அழிக்காமல் அப்படியே வெளியிட்டார்கள். பாட்டு 1961இல் பெரும் வெற்றி பெற்றது. ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அதே சத்தத்தை வேண்டும்போது எழுப்பும் சிறு பெட்டியொன்றை உருவாக்கினார். 1962இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் அது கடைக்கு வந்தது, 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாட்டிஸ்ஃபாக்‌ஷன்' அதை உலகறியச் செய்தது. கிற்றார்காரர்கள் தங்கள் சொத்தென்று நினைக்கும் ஃபஸ் ஒலி பிறந்தது ஒரு பேஸில்.

டிஸ்டோர்ஷன் பெடலுக்குள் கூரையை வேண்டுமென்றே தாழ்த்தி வைத்திருக்கிறார்கள். டயோட் என்ற சிறு பாகம் அந்த வேலையைச் செய்கிறது. ஜெர்மானியம் டயோட் ஏறக்குறைய 0.3 வோல்ட்டில் வெட்டத் தொடங்கும், சிலிக்கன் 0.6 வோல்ட்டில். வெட்டு மெல்ல வளைந்து விழுந்தால் வெதுவெதுப்பாகவும், சட்டென்று விழுந்தால் முரடாகவும் கேட்கும். கிற்றாருக்கென்று செய்த பெடலை பேஸில் போட்டால் அடித்தொனி காணாமல் போவது பலரும் சொல்லும் முறைப்பாடு. பிரபலமான இபானெஸ் டியூப் ஸ்கிரீமர் 720 ஹேர்ட்ஸுக்குக் கீழே போகப்போகக் குறைவாகவே கரகரக்கும்படி செய்யப்பட்டது. பேஸ் வசிப்பதே அங்கேதான். இதற்கு மருந்து பிளெண்ட் குமிழ், சுத்தமான சிக்னலையும் வெட்டுப்பட்ட சிக்னலையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுக் கலப்பது. டெக் 21 நிறுவனம் 1994இல் கொண்டுவந்த சான்ஸ்அம்ப் பேஸ் டிரைவர் இந்தக் குமிழோடுதான் வந்தது, இன்றும் விற்கிறது. இளையராஜா பாட்டுக்கு பேஸ் வாசிக்கும்போது அந்தக் குமிழைச் சுத்தத்தின் பக்கமே வைத்திருங்கள் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள். தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு போகும் அந்த பேஸ் வரிகளைக் கரகரக்க வைப்பவரை என்னால் மன்னிக்க முடியாது. பைலாவுக்குக் கொஞ்சம் கரகரப்புப் பொருந்தும்.

ஆக வெட்டு விழலாம், ஆனால் அது விழும் இடத்தை வாசிப்பவர் தீர்மானிக்க வேண்டும். அதற்கு வழி சிக்கலானதல்ல. எல்லாப் பெடல்களையும் அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஒரு பெடலை மிதித்தாலும் விட்டாலும் உரப்பு ஒன்றாகவே இருக்கும்படி அதன் லெவல் குமிழை வையுங்கள், பிறகு அடுத்த பெடல். தனி வாசிப்புக்கென்று உயரும் ஒன்றைத் தவிர வேறெதுவும் உயரத் தேவையில்லை. அடித்தொனி போதவில்லையென்றால் அதை ஏற்றுவதற்கு முன் நடுத்தொனியைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள், காதுக்கு ஏறக்குறைய அதே பலன், கூரை முட்டாது. டிஜிட்டல் மல்டி-எஃபெக்ட் பெட்டி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே உள்ளே நுழையும் வாசலில் வெட்டு விழுந்தால் அது காது கூசும் வெட்டு. சிவப்பு விளக்குக்கு 12 டெசிபல் கீழேயே நில்லுங்கள். கூரையை உயர்த்த 18 வோல்ட் கொடுக்கலாம்தான், ஆனால் அந்தப் பெடலின் முதுகில் 18 வோல்ட் என்று அச்சடித்திருந்தால் மட்டும். இல்லாவிட்டால் பெடல் புகைந்துவிடும்.

கடைசி வாசல் மிக்ஸர். மேடையிலிருந்து அது முப்பது நாற்பது மீட்டர் தள்ளி இருக்கும். டி.ஐ. பெட்டி சிக்னலைப் பன்னிரண்டில் ஒரு பங்களவுக்குக் குறைத்து, எதிரெதிராக ஓடும் இரண்டு கம்பிகளில் அனுப்புகிறது. வழியில் ஏறும் இரைச்சல் இரண்டு கம்பிகளிலும் ஒன்றாக ஏறுவதால் மிக்ஸரில் ஒன்றையொன்று கழித்துவிடும். புதிய பெடலுக்குக் காசு சேர்ப்பவர் முதலில் நல்ல டி.ஐ. பெட்டி வாங்குவதே புத்திசாலித்தனம். மிக்ஸரின் உச்சியிலுள்ள கெயின் குமிழ்தான் அங்கே கூரையைத் தீர்மானிப்பது. அங்கே வெட்டுப்பட்டால் கீழேயுள்ள ஃபேடரை இறக்கிப் பயனில்லை.

ஒலிச் சோதனையில் பேஸ்காரர்கள் கூச்சத்தோடு மெதுவாக நாலு சுரம் மீட்டுவார்கள். சவுண்ட்காரர் அதற்கேற்பக் கெயினை ஏற்றி வைப்பார். இரவு மாமாங்கக் கோவில் திருவிழாக் கூட்டத்தைக் கண்டதும் அதே கை இரண்டு மடங்கு பலமாக அடிக்கும். அங்கேயே 6 டெசிபல் போய்விட்டது. அதனால் சோதனையின்போதே எல்லாப் பெடல்களையும் போட்டு, நிகழ்ச்சியின் கடைசிப் பாட்டில் எப்படி அடிப்பீர்களோ அப்படி அடித்துக் காட்டுங்கள். சவுண்ட்காரர் திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும்.